கடல் இல்லாத திசையிலிருந்து மழை வராது: கற்பனை நாடு வரையும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் பாளையங்கோட்டையில் நூலக மாடியில் நீங்கள் தொங்கவிட்டிருந்த வரைபடத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்ற கிழவன் நான்தான். பார்வையாளர் நோட்டில் 'நன்று. ஆறுகளைச் சரிபார்க்கவும்' என்று எழுதிவிட்டு இறங்கி வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் புவியியல் நடத்தியவன் நாலு வார்த்தையோடு நழுவியது சரியில்லை என்று பட்டது. அதனால் இந்த மடல்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதாமல் ஊர் பார்க்க எழுதுவதற்குக் காரணம் உண்டு. கதைக்கு, விளையாட்டுக்கு, காமிக்ஸுக்கு என்று நாடு செய்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அப்புறம், உங்கள் படத்தில் இருக்கிற பிழைகளில் பாதி எங்களைப் போன்ற வாத்தியார்கள் செய்த பிழை. 'பருத்தி விளையும் மண் எது?' என்று ஒரு மார்க் கேள்வி கேட்டு, 'கரிசல்' என்று எழுதினால் டிக் போட்டு அனுப்பிவிட்டோம். அந்தக் கரிசலில் எந்த மாதிரி மனுஷன் விளைவான் என்று கேட்கவே இல்லை.

சரி, உங்கள் நாட்டுக்கு வருகிறேன். பார்க்காதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயர் சேணாடு. நாலு சார்ட் அட்டையை ஒட்டி வரைந்த படம். ஓரத்தில் '28 டிகிரி வடக்கு, துணை வெப்பமண்டலம்' என்று பச்சை மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே தெற்கு வடக்காக ஒரு மலைத்தொடர், அதற்கு அந்தப்பக்கம் 'பெருநிலம்' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்கள். மலையின் மேற்குச் சரிவில் அடர்ந்த காடு, கிழக்கே இறங்கினால் பாலைவனம், பாலைவனத்தின் நடுவில் தலைநகரம். ஒரு பெரிய ஆறு, ஒரு துறைமுகம். பக்கத்திலேயே நாலு பக்கத்துக்கு 'சேணாட்டு வரலாறு' அச்சடித்து வைத்திருந்தது: மூவாயிரம் ஆண்டு, 42 அரசர்கள், 11 போர்கள்.

படம் ஒருவர் கை, வரலாறு இன்னொருவர் கை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கவில்லை. உங்கள் 42 அரசர்களையும் அப்படியே தூக்கி வேறொரு தீவில் இறக்கி வைத்தாலும் வரலாற்றில் ஒரு வரி மாறாது. என் புகார் இவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் மழை. மேற்குச் சரிவைப் பச்சையாகவும் கிழக்கைக் காய்ந்தும் ஏன் வரைந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மாடியில் ஏறி நின்றால் நமக்குத் தெரிகிற மலை அப்படி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் முட்டி, கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்சசொச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்குக் குற்றாலச் சாரலாக அனுப்புகிறது. கயத்தாறு, கங்கைகொண்டான் பக்கம் வந்து சேரும்போது அது வெறும் காற்று. காற்றாலை சுற்றும், குடைக்கு வேலை இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் பெய்கிற மழையில் பாதிகூட நம் திருநெல்வேலி டவுனில் பெய்யாது. நமக்கு என்று இருப்பது ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வருகிற மழை.

ஆனால் சேணாட்டுக்கு மேற்கே கடலே இல்லையே, பிள்ளைகளா. ஈரம் எங்கேயிருந்து வரும்? நம் மலைக்கு இரண்டு பக்கமும் கடல் இருக்கிறது, அதனால் இரண்டு பருவம். நீங்கள் கடலைக் கிழக்கிலும் தெற்கிலும் வைத்திருக்கிறீர்கள். கோடையில் உள்நிலம் சூடேறும்போது காற்று கடலிலிருந்து உள்ளே இழுக்கப்படும், வந்து மலையின் கிழக்கு முகத்தில் முட்டும். ஆகவே காடு கிழக்கே. பாலை மலைக்கு அந்தப்பக்கம். உலகப் படத்தை விரித்து 20 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவில் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்டங்களின் மேற்கு ஓரமாகச் சகாரா, நமீப், அடகாமா. கிழக்கு ஓரமாகத் தென்சீனம், பிரேசிலின் தென்கிழக்கு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, எல்லாம் பச்சை. 30 டிகிரியை ஒட்டி மேலேயிருந்து காற்று கீழே இறங்குகிறது. இறங்குகிற காற்று சூடேறிக் காயும், மழை தராது. அந்தக் கஷ்டத்திலிருந்து கிழக்குக் கரைகள் தப்பிப்பது வெதுவெதுப்பான கடலும் கோடைக்காற்றும் செய்கிற உபகாரம்.

அந்த 28 என்ற எண்ணை எழுதிவிட்டு அப்படியே மறந்துவிட்டீர்கள். நாம் இருப்பது 8.7இல். இங்கே வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், சூரியன் நேர் உச்சியில் வந்து நம் நிழலைக் காலடியில் மடக்கும். 28இல் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேரே வராது. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான் விழும். கோடையில் பகல் 14 மணி நேரத்தை நெருங்கும், மார்கழியில் பத்தரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். துருவ நட்சத்திரத்தை நாம் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே மரமில்லாத வெட்டவெளி வேண்டும், அவ்வளவு தாழ்வு. சேணாட்டில் அது நன்றாக ஏறி நிற்கும். உங்கள் மாலுமி தெற்கே வர வர அது இறங்கும். கையை நீட்டி அந்த உயரத்தை விரலால் அளந்தே பழைய மாலுமிகள் கரை கண்டுபிடித்தார்கள். உங்கள் கதையில் ஒரு மாலுமி 'என் உள்ளுணர்வு சொல்கிறது' என்கிறான். அவனுக்கு விரல் இருக்கிறதே, அப்பா.

தை முதல் நாள் சேணாட்டில் அறுவடைத் திருநாள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். 28 டிகிரியில் தை மாதம் வயலில் உறைபனி படியும். நம் ஊர்க் கணக்கே வேறு. ஆனியில் கார் நெல் நட்டு, புரட்டாசியில் அறுத்து, ஐப்பசி கார்த்திகையில் பிசான நெல் நட்டு, மாசி பங்குனியில் அறுப்போம். உண்மையில் ஆற்றுப்பாசனத்தில் பொங்கலன்று பிசானம் பச்சையாகத்தான் நிற்கும். நமக்கே பொருந்தாத தேதியை சேணாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிட்டீர்கள். அங்கே என்ன நெல் நட்டாலும் ஐப்பசி முடிவதற்குள் களத்துக்கு வந்தாக வேண்டும். திருநாளை ஐப்பசிக்கு மாற்றுங்கள். தையில் வயலில் கடுகும் கோதுமையும் நிற்கட்டும். ஜனங்கள் கணப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கட்டும், கதை சொல்கிற காலம் அதுதான். கடற்கரைத் தென்னைகளையும் எடுத்துவிடுங்கள், உறைபனி தென்னைக்கு ஆகாது. பதிலுக்குத் தேயிலை தருகிறேன். நமக்கு அதற்கு மாஞ்சோலை உயரம் ஏற வேண்டும், அசாமில் சமவெளியிலேயே நிற்கிறது.

மலை உச்சியில் வருஷம் முழுக்கப் பனி என்று போட்டு, உயரம் 6,000 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பொதிகை 1,868 மீட்டர், அடியில் சொன்னால் ஆறாயிரத்துக்குச் சற்று மேல். அந்த உயரத்துக்குச் சேணாட்டில் குளிர்காலத்தில் பனி விழலாம், வெயில் வந்ததும் போய்விடும். கோடையிலும் கரையாமல் இருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கணவாய்கள் மாறும், கணவாய் மாறினால் படையெடுப்பு மாறும். என்னைக் கேட்டால் பனியை அழித்துவிடுவதே நல்லது.

வடக்கு எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதாமல் விடக்கூடாது. டெல்லியும் சீனாவின் சாங்ஷாவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஜனவரியில் சாங்ஷா டெல்லியைவிடப் பல டிகிரி அதிகமாகக் குளிரும். டெல்லிக்கு வடக்கே இமயமலை மறைத்து நிற்கிறது, சாங்ஷாவுக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. உங்கள் நாட்டுக்கு வடக்கே மலையா, திறந்த புல்வெளியா? வாடைக்காற்று வருகிற வழியில்தான் குதிரைப்படையும் வரும். இதைத் தீர்மானித்தாலே உங்கள் 11 போரில் நாலு தானாக எழுதிக்கொள்ளும்.

ஆறுகளைப் பற்றி நோட்டிலேயே குறித்துவிட்டேன். ஆறு சேரும், பிரியாது. பிரிந்தால் அது கழிமுகத்தில். உங்கள் ஆறு நடுநாட்டில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போகிறது. இதற்கு ஒரு ரப்பர் போதும்.

ரப்பரால் திருத்த முடியாதது அரசர் பட்டியல்.

தாமிரபரணி பெரிய ஆறு இல்லை, 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலிருந்தும் கால், அதாவது வாய்க்கால், பிரிந்து, கால் குளத்தை நிறைத்து, குளம் மறுகால் போய் அடுத்த குளத்தை நிறைக்கும். நான் பிறந்த ஊர் கடைசி அணைக்கட்டின் தென்காலில், அதிலும் கடைமடை. அதாவது எட்டு அணைக்கட்டு ஊர்களும் குடித்து முடித்த பிறகு எங்கள் வாய்க்கு வருகிற தண்ணீர்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். ஒரு பிசானத்துக்கு மழை ஏமாற்றிவிட்டது, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை ராத்திரி ஒரு மணிக்கு. அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்துக் கூட்டிப்போனார். நேரமாகியும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, விளக்கு வெளிச்சத்தில் சேறு மட்டும் மினுங்கியது. வாய்க்காலோடு மேலே நடந்தோம். மூன்று வயல் தாண்டி ஒரு வாமடையில், அதாவது வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாயில், வைக்கோலும் சேறும் குழைத்து அடைத்த அடைப்பு. அதில் ஒரு சாண் அகலத்துக்கு யாரோ வெட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்பா குனிந்து கையாலேயே சேற்றை அள்ளி வெட்டை மூடினார். வரப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பீடி நெருப்பு தெரிந்தது. 'யாருலே அது?' என்றார். நெருப்பு அணைந்தது. அவ்வளவுதான் நடந்தது. யார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். மறுநாள் டீக்கடையில் அவரும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆனால் ஏழெட்டு வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து என் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆச்சி சொன்னாள்: 'தண்ணி திருடுன வீட்டுக்கா?'

ஒரு சாண் வெட்டு ஒரு கல்யாணத்தை நிறுத்தியது. உங்கள் வரலாற்றில் 11 போர் நடந்திருக்கிறது, ஒன்றுக்குக்கூடத் தண்ணீர் காரணமில்லை. நாலு எல்லைத் தகராறு, மூன்று வாரிசுச் சண்டை, இரண்டு இளவரசி கடத்தல். மிச்சம் இரண்டுக்குக் காரணமே எழுதவில்லை. இளவரசியைக் கடத்தினவன் சாப்பிட்ட சோற்றுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தது?

அதையே நாட்டின் அளவுக்குப் பெரிசாக்கிப் பாருங்கள். நம் ஆற்றோரம் முழுக்க நஞ்சை. அங்கே பெரிய கோயில், பிராமணர்களுக்குத் தானமாக விட்ட மங்கலம் என்ற ஊர்கள், கல்வெட்டு. ஆற்றை விட்டு வடக்கே விலகினால் கரிசல், வானம் பார்த்த பூமி. பாளையங்கள் எங்கே எழுந்தன? எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் மானாவாரிப் பக்கம். சிங்கம்பட்டியும் சிவகிரியும் மலையடிவாரம். வரி வாங்க ஒரு கோட்டையும், ஓடி ஒளிய ஒரு காடும் தேவைப்படுகிற ஆட்சிமுறை அது. மடையும் முறையும் கணக்குப்பிள்ளையும் தேவைப்படுகிற ஆட்சிமுறை ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டு மண், இரண்டு விதமான அதிகாரம். கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். கயத்தாற்றில் இறங்கி நின்று அந்த மண்ணையும் காற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சேணாட்டில் யார் கலகம் செய்வார்கள், யார் மனு எழுதுவார்கள் என்று உங்களுக்கே பிடிபடும்.

ஊர்ப்பெயர்களிலும் இதே குறைதான். 'வஜ்ரகிரி', 'சூரியபுரி', 'மகாஜ்வாலா' என்று பெயர்கள் மின்னுகின்றன, ஒன்றிலும் மண் ஒட்டவில்லை. நம் பஸ் ஸ்டாண்டில் போர்டுகளைப் படித்தாலே வரலாறு வந்துவிடும். அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்றால் பெரிய நீர்நிலையை வைத்து எழுந்த ஊர். நாங்குநேரியின் வாலில் ஏரி இருக்கிறது. சாத்தான்குளத்தைச் சொல்லவே வேண்டாம். தெற்கே செம்மண்ணுக்குள் போனால் திசையன்விளை மாதிரி விளைகள், பனையும் தோட்டமும். வடக்கே கரிசலில் பட்டி பட்டியாக வரும். கடலோரம் பட்டினம். நடுவில் திடீரென்று நாசரேத் என்றும் சாயர்புரம் என்றும் வந்தால், பாதிரிமார் காலத்தில் எழுந்த குடியிருப்பு. ஒரு பெயர்கூட அழகுக்காக வைத்ததில்லை, ஆனால் சேர்த்துச் சொன்னால் பாட்டு மாதிரி இருக்கிறது. சேணாட்டு ஜனங்கள் குளத்துக்கு என்ன சொல்வார்கள், மேட்டுக்கு என்ன சொல்வார்கள் என்று பத்து வால்களை முதலில் உண்டாக்குங்கள். ஊர்ப்பெயர் நூறு தானாக வரும்.

இனி துறைமுகம். இதை எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் கொற்கைக்குக் கூட்டிப்போனேன். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர், கிரேக்கக் குறிப்புகளில் எல்லாம் வருகிற இடம் என்று வழி நெடுக அளந்துவிட்டேன். வேன் நின்றது. சுற்றிலும் வாழை. ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம், ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். கடைசியாக இறங்கின பெண் கேட்டாள்: 'சார், கடல் எங்க?' கிழக்கே கையைக் காட்டினேன். இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். 'யார் சார் தூக்கிட்டுப் போனா?' என்றாள். ஆறு, என்றேன். அவள் நம்பவில்லை. வாய்க்கால் கரையில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு சிப்பித் துண்டு நின்றது. என் முப்பத்துநாலு வருஷத்தில் நான் நடத்திய நல்ல பாடம் அதுதான், அதையும் நடத்தியது அந்த மண்.

பொதிகையில் மழை கரைக்கிற மண்ணை ஆறு கொண்டுவந்து கடல் வாயில் போடுகிறது. போடப் போடக் கரை நகர்கிறது. கரை நகர்ந்தால் துறைமுகம் சும்மா இருக்க முடியாது, கடலைத் தேடிப் பின்னாலேயே நடக்க வேண்டும். கொற்கைக்கு அப்புறம் காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து, அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதை எழுதிய ஊர். அதுவும் தூர்ந்தது. இன்று அதற்குப் பழையகாயல் என்று பெயர், சுற்றிலும் உப்பளம். அடுத்து ஆற்றின் வாயிலேயே புன்னைக்காயல், அது போர்ச்சுக்கீசியர் காலம். கடைசியில் ஆற்றோடு மல்லுக்கட்டி முடியாது என்று அதை விட்டே விலகித் தூத்துக்குடி.

உங்கள் துறைமுகம் மூவாயிரம் வருஷமாக ஒரே புள்ளியில், அதுவும் ஆற்றின் வாயில், அசையாமல் நிற்கிறது. ஒரு புள்ளியை மூன்றாக்குங்கள். முதல் புள்ளியில் இப்போது வயல். ஆனால் அந்த ஊர்ச் சாமி இன்னும் வருஷத்துக்கு ஒருநாள் கடலாடப் போகட்டும், வயல் வரப்பில், ஒரு முழுப்பகல் நடை. பழைய துறைமுகத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் புதிய துறைமுகத்தில் கூலிக்கு மூட்டை தூக்கட்டும். உங்கள் 42 அரசர்களில் முப்பது பேரை இதற்காக நான் விட்டுக்கொடுப்பேன்.

உப்பு என்ற சொல் உங்கள் நாலு பக்கத்தில் ஓரிடத்தில்கூட வரவில்லை. தூத்துக்குடியில் உப்பு விளைவதற்கு மழை குறைவும் வெயிலும் காற்றும்தான் காரணம், மழை வந்தால் பாத்தி போச்சு. சேணாட்டிலோ கோடையில் மழை, குளிர்காலத்தில் வெயிலுக்குச் சக்தி இல்லை. கடல் இருந்தும் உப்பு எளிதில் விளையாது. கடல்நீரை அடுப்பில் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் விறகு, விறகுக்குக் காடு, காடு போனால் ஆற்றில் மண் அதிகம், மண் அதிகமானால் துறைமுகம் இன்னும் சீக்கிரம் தூரும். இல்லையா, மலைக்கு அந்தப்பக்கப் பாலையில் உப்பு ஏரி இருக்கிறது, பொதிமாடு கணவாய் வழியாக உப்பைக் கொண்டுவருகிறது, கணவாயில் ஒருவன் சுங்கம் கேட்கிறான். காரணம் எழுதாமல் விட்ட இரண்டு போருக்கும் காரணம் கிடைத்ததா?

கற்பனை நாடு நமக்குப் புதிது இல்லை. கடல்கொண்ட பழம்பாண்டி நாட்டைப் பற்றிச் சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எழுதும்போது, பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே 49 நாடுகளைச் சொல்கிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் லெமூர் குரங்கினங்களின் பரவலை விளக்கக் கடலுக்குள் ஒரு கண்டத்தை ஊகித்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒட்டவைத்தார்கள். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அறிவியலுக்கு அந்தக் கண்டம் தேவைப்படவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. உரைகாரர் பட்டியலைப் பாருங்கள்: தெங்கு, பாலை, குன்று, குறும்பனை. நாட்டுக்குப் பெயர் வைக்கும்போது அவர் அரசனைத் தேடவில்லை, அங்கே என்ன முளைக்கிறது என்று பார்த்திருக்கிறார். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வமும் உணவும் மரமும் பறையும் அதற்குப் பிறகு வருகிற கருப்பொருள். நீங்கள் கருப்பொருளில் ஆரம்பித்து முதற்பொருளைக் கடைசியில் கலர் அடித்திருக்கிறீர்கள்.

சின்ன விஷயம் ஒன்று. உங்கள் சேணாட்டு அரசர்களின் இடுகாடு ஆற்றோரம், நல்ல வண்டல் நிலத்தில் இருக்கிறது. ஆதிச்சநல்லூருக்குப் போயிருக்கிறீர்களா? செத்தவர்களை வைத்துப் புதைத்த அத்தனை தாழியும் ஆற்றுக்குப் பக்கத்திலேயே, ஆனால் உழவுக்கு ஆகாத சரளைப் பறம்பில் புதைத்திருக்கிறது. செத்தவர்கள்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் நெல் விளைகிற இடத்தைக் கொடுக்கவில்லை.

அப்புறம் வெள்ளம். மூவாயிரம் வருஷத்தில் சேணாட்டில் ஒரு வெள்ளம்கூட வரவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் கடலோரத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அந்த நாள் என் ஊரில் குளத்தங்கரை உடைந்து, பள்ளிக்கூட மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். வருஷ சராசரியை மட்டும் வைத்து நாடு கட்டாதீர்கள். உங்கள் சேணாடு கிழக்குக் கரை, 28 டிகிரி, வெதுவெதுப்பான கடல். புயலுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

இவ்வளவு குறை சொன்னவன் ஏன் முக்கால் மணி நேரம் நின்றேன் என்று கேட்பீர்கள். படத்தின் வலது கீழ் மூலையில், மற்றதெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் இருக்க, ஒன்று மட்டும் பென்சிலில் இருந்தது. ஒரு சின்னத் தோணி, ஒரு மரம், இரண்டு பக்கமும் 'இக்கரை', 'அக்கரை'. கீழே பொடி எழுத்தில், 'ஆளுக்கு ஒரு நாழி நெல், மாட்டுக்கு இரண்டு, கன்றுக்கு இல்லை'. யார் வரைந்தது என்று தெரியவில்லை. அந்த ஒரு அங்குலத்தில் ஆறு எவ்வளவு ஆழம் என்று தெரிகிறது, அக்கரையில் மேய்ச்சல் இருக்கிறது என்று தெரிகிறது, ஊரில் காசைவிட நெல் அதிகம் புழங்குகிறது என்று தெரிகிறது. கன்றுக்கு வாங்காத ஒரு தோணிக்காரன்கூட இருக்கிறான்.

மலை, பாலை, பனி, தென்னை எல்லாவற்றையும் மாற்றினாலும் அந்தத் துறையை அழிக்க வேண்டாம். புதுப் படத்தை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள். கொற்கைக்குப் போவதென்றால் சொல்லியனுப்புங்கள், கூட வருகிறேன். வாழைத்தோட்டத்துக்குள் நடக்க வேண்டியிருக்கும், நல்ல செருப்பாகப் போட்டு வாருங்கள்.

அந்தப் பென்சில்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள். அவர் வரைந்த மரம் இக்கரையில், ஆற்றை ஒட்டித் தாழ்வான இடத்தில் நிற்கிறது. வெள்ளம் வருகிற ராத்திரியில் தோணியை எங்கே கொண்டுபோய்க் கட்டுவார்கள்?

அன்புடன்,
பாளையங்கோட்டையில் உங்கள் படத்தைப் பார்த்த பழைய புவியியல் வாத்தியார்